தொழில்நுட்பமும் அரசியலும்: ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வானொலி, கேபிள் டிவி, வாக்கு இயந்திரம், ரேஷன் கடைக் கைரேகைக் கருவி, இப்போது ஏ.ஐ. என்று என் ஆய்வெல்லாம் கருவிகளுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றியே இருந்தது. மாணவர்கள், அவர்களின் பெற்றோர், நிருபர்கள், எப்போதாவது ஒரு வட்டச் செயலாளர் என யார் வந்தாலும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசியல் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் என்ன சம்பந்தம்? அது என்ஜினியர் வேலை அல்லவா?

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் குறைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் திரண்டு போய் மனுத்தாக்கல் செய்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, தேர்தலே தள்ளிப்போனது. அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டில் அது 5,000 ரூபாயாக உயர்ந்தது.

2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் இதே கதை. நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகள் களமிறங்கி, வேட்பாளர் எண்ணிக்கை 185 ஆனது. (அங்கேயும் மஞ்சள் விவசாயிகள், ஈரோடும் மஞ்சள் பூமி. யாராவது இதை ஒப்பிட்டு எழுதலாம்.) ஒரு வாக்குப்பதிவுப் பெட்டியில் 16 பொத்தான்கள். பழைய மாதிரி இயந்திரத்தில் நான்கு பெட்டிகளைத்தான் கோக்க முடியும், அதாவது 64 பேர். புதிய மாதிரியில் 24 பெட்டிகள்வரை கோக்கலாம் என்பதால் நிஜாமாபாத்தில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 பெட்டிகளை வரிசையாக வைத்துத் தேர்தலை நடத்தி முடித்தார்கள்.

ஒரு குடிமகன் தன் கோபத்தை வாக்குச்சாவடிவரை கொண்டுபோக முடியுமா என்பதை டெபாசிட் தொகையும் பொத்தான் எண்ணிக்கையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. முதலாவது, நாடாளுமன்றம் எடுத்த முடிவு. இரண்டாவது ஏதோ ஓர் அறையில் வரைபடம் போட்டவர் எடுத்த முடிவு. இரண்டும் அரசியல்தான். ஆனால் நம் பாடப்புத்தகங்கள் முதலாவதை மட்டும் அரசியல் என்று சொல்லிக்கொடுக்கின்றன. இரண்டாவதைப் படிக்க ஆள் வேண்டும் என்பதால்தான் இந்தத் துறை.

நீங்கள் இதற்குள் எப்படி வந்தீர்கள்?

கேபிள் ஒயர் வழியாக. 1990-களின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் ஓடத் தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. அதுவரை சென்னையில் டிவி என்றால் 1975-இல் தொடங்கிய தூர்தர்ஷன். வானொலி என்றால் அகில இந்திய வானொலி. இரண்டுமே டெல்லியின் கையில். மாநிலத்தில் யார் ஆட்சிக்கு வந்தாலும் சொந்தமாக ஒரு மைக்கூடக் கிடையாது. திராவிட இயக்கம் மேடையையும் பத்திரிகையையும் நாடகத்தையும் சினிமாவையும் இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. வானொலி நிலையத்தில் இடமில்லாதவர்கள் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடைக்குப் போனார்கள்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1924-இல் சென்னையில் ஒரு தனியார் வானொலிக் கழகம் தொடங்கிப் பணமில்லாமல் நின்றுபோனது. 1930 முதல் சென்னை மாநகராட்சியே வானொலி நடத்தியது. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938-இல் அகில இந்திய வானொலி வந்ததும் அது முடிந்தது. ஒரு மாநகராட்சி தன் ஊர் மக்களுக்கு மாலையில் பாட்டுப் போட்டுக் காட்டிய அந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி ஒழுங்கான ஆய்வு ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விஷயத்துக்கு வருகிறேன். கேபிள் டிவியும் உள்ளூர் அரசியலும் என்று பிஎச்.டி. தலைப்புக் கொடுத்தபோது, “இது மாஸ் கம்யூனிகேஷன் ஆச்சேம்மா, நம்ம டிபார்ட்மெண்ட்ல எப்படி?” என்றார் ஒரு மூத்தவர். அரசியல் அறிவியல் என்றால் அரசியலமைப்புச் சட்டம், கட்சி அமைப்பு, பன்னாட்டு உறவு என்றிருந்த காலம். “கேபிள் ஆபரேட்டரிடம் வேலை பார்த்துச் சந்தா வசூலிக்கும் பையன்தான் தேர்தல் வந்தால் பூத் ஸ்லிப்பும் கொடுக்கிறான் சார்” என்றேன். பதிவு கிடைத்தது.

கேபிள் டிவியில் அப்படி என்ன அரசியல்?

இந்தியாவிலேயே செட்டாப் பாக்ஸ் கட்டாயத்தை முதலில் சந்தித்த ஊர் சென்னை. கட்டணச் சேனல் பார்க்கப் பெட்டி வேண்டும் என்ற ஏற்பாடு 2003 செப்டம்பரில் இங்கே அமலுக்கு வந்தது. மற்ற பெருநகரங்கள் பல காரணம் சொல்லித் தள்ளிப்போட்டு, 2006 கடைசியில்தான் அதுவும் சில பகுதிகளில் மட்டும் தொடங்கின. யார் வீட்டில் எந்தச் சேனல் தெரியும் என்பது அதுவரை ஆபரேட்டரின் கையில் இருந்தது. பெட்டி வந்ததும் அதில் ஒரு பகுதி மேலே இருப்பவர்களின் கைக்குப் போனது.

2006 தேர்தலில் தி.மு.க. வீட்டுக்கு ஒரு வண்ணத் தொலைக்காட்சி தருவதாக அறிவித்து வென்றது, தந்தது. 2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் பதிவானது. அது ஏன் அந்த ஆண்டில் பிறந்தது, ஏன் சீக்கிரமே சோர்ந்தது என்பதெல்லாம் கோபாலபுரத்துக் கருணாநிதி குடும்பத்தின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய பாடம். 2011-இல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் அதே நிறுவனம் உயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. டிவிப் பெட்டியைக் கொடுத்தது ஒரு கட்சி, அதில் ஓடும் ஒயரைக் கொடுத்தது இன்னொரு கட்சி! இலவச அறிவிப்புகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. தேர்தல் அறிக்கையில் சொல்லும் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறி வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் சொல்லியது.

வெளியூர்க்காரர்கள் இதை “ஓசி டிவி அரசியல்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். களத்தில் வேறு விஷயங்கள் கிடைத்தன. பேட்டி எடுக்கப் போனால் கூடத்தில் ஆண்கள் கட்சி பேசுவார்கள். சமையலறைப் பக்கம் போனால்தான் ரிமோட் யார் கையில், எத்தனை மணிக்கு, எதற்காக என்ற தகவல் வரும். பக்கத்து வீட்டு வாசலில் நின்று டிவி பார்த்த அவமானத்தைப் பற்றிப் பேசிய பெண்களிடம் போய் “ஓசி” என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

வாக்குப்பதிவு இயந்திரத்தை ஹேக் செய்ய முடியுமா, முடியாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்லக்கூடிய கேள்வியாக இருந்தால் நான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியிருக்க முடியாது. முதலில் வரலாறு.

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முறையாக இயந்திரம் வைத்தார்கள். 123 வாக்கு வித்தியாசத்தில் சிவன் பிள்ளை வென்றார், தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. இயந்திரம் தப்பாக எண்ணியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை; இயந்திரத்தில் வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சொன்னது. அந்த 50 சாவடிகளில் மறுபடி சீட்டில் வாக்குப்பதிவு நடந்தது, ஜோஸ் வென்றார். 1989-இல் சட்டத்தில் 61ஏ பிரிவைச் சேர்த்த பிறகுதான் இயந்திரத்துக்கு வழி பிறந்தது. என் மாணவர்கள் எல்லாரும் முதல் வகுப்பில் படிப்பது இந்த வழக்கைத்தான். ஓர் இயந்திரம் நன்றாக வேலை செய்வதும், அது செய்த வேலை செல்லுபடியாவதும் வேறு வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர எனக்கு வழி தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இயந்திரத்தில் நடந்தது. தேர்தலுக்கு முன் அ.தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றத்தில் இயந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டது, தள்ளுபடியானது. பிறகு அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. வென்றது. அன்று முதல் இன்றுவரை எந்த மாநிலத்திலும் நான் கவனித்த ஒழுங்கு இதுதான்: இயந்திரத்தின்மீது சந்தேகம் தோற்ற கட்சிக்கு வருகிறது, வென்றதும் போய்விடுகிறது. இதை வைத்துச் சந்தேகமே பொய் என்று முடிவுகட்டுவதும் தவறு. தோற்றவனுக்குத்தானே கணக்கைப் பார்க்கும் அக்கறை இருக்கும்?

இப்போது உங்கள் கேள்வி. இந்த இயந்திரங்கள் இணையத்தோடு இணைக்கப்படுவதில்லை. எங்கிருந்தோ ஒருவர் மடிக்கணினியைத் தட்டி வாக்கை மாற்றுவது சினிமா. மாற்ற வேண்டுமானால் கையில் எடுத்து, பூட்டை உடைத்து, முத்திரையைக் கிழித்து, ஆயிரக்கணக்கான இடங்களில், யாரும் வாய் திறக்காமல் செய்ய வேண்டும். அதைத் தடுப்பது இயந்திரத்துக்குள் இருக்கும் சில்லு என்பதைவிட, சாவடியில் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜெண்ட் என்பது என் கருத்து. வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஏஜெண்டுகள் கண்முன்னால் குறைந்தது 50 மாதிரி வாக்குகளைப் போட்டுக் காட்ட வேண்டும். முடிந்ததும் எத்தனை வாக்கு பதிவானது என்று 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்ட நகலை ஏஜெண்டுக்குத் தர வேண்டும். எண்ணும் நாளில் அந்தத் தாளையும் இயந்திரம் காட்டும் மொத்தத்தையும் ஒப்பிடலாம். தமிழ்நாட்டில் இரண்டு பெரிய கழகங்களும் சாவடிக்குச் சாவடி ஆள் போடக்கூடியவை. ஒருவரை ஒருவர் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். ஏஜெண்ட் போட ஆளில்லாத சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் இந்தப் பாதுகாப்பில் பங்கு குறைவு. அதைப் பற்றி டிவி விவாதத்தில் யாரும் பேசுவதில்லை.

பிறகு விவிபாட், அதாவது போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி. பொத்தானை அழுத்தினால் சீட்டு ஏழு விநாடி கண்ணாடி வழியே தெரிந்து பெட்டிக்குள் விழும். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதலில் பயன்பட்டது. அடுத்த மாதமே படிப்படியாக எல்லா இடத்திலும் கொண்டுவர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று 2019-இல் சொன்னது. எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரித்தது. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் பணம் கட்டி ஐந்து சதவீத இயந்திரங்களின் சில்லுகளைச் சோதிக்கக் கேட்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது.

ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் வேறு திசையில் போனது. வாக்கு எண்ணிக்கையின் முக்கியமான கட்டங்களைச் சிறப்பு அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகன் சரிபார்க்க முடிய வேண்டும். அங்கே பயன்பட்ட இயந்திரங்களில் அது முடியாது என்பதால் அவை செல்லாது என்றது. மோசடி நடந்ததற்கான ஆதாரம் எதையும் அது கேட்கவில்லை. என்னைக் கேட்டால், “ஹேக் செய்ய முடியுமா” என்று நிபுணரைக் கேட்பதைவிட, “நிபுணர் இல்லாமல் என் அத்தை இதைச் சரிபார்க்க முடியுமா” என்று கேட்பது நல்ல கேள்வி. அத்தைக்கு அந்த ஏழு விநாடிச் சீட்டு கொஞ்சம் உதவுகிறது. ஐந்து சாவடிகளுக்குப் பதில் இன்னும் கூடுதலாக எண்ணினால் இன்னும் உதவும், ஒரு நாள் தாமதமானால் குடிமுழுகிவிடாது. இது என் தனிப்பட்ட நிலைப்பாடு, தேர்வில் எழுதாதீர்கள்.

கருணாநிதியை ஏ.ஐ. மூலம் பேசவைத்தார்களே, அது மோசடி இல்லையா?

2024 ஜனவரியில், டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், 2018-இல் மறைந்த கருணாநிதி மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவர் குரலில் அ.தி.மு.க. ஓர் ஒலிப்பதிவு வெளியிட்டது. இரண்டையும் கேட்டவர்களில் யாரும் உண்மை என்று நம்பி ஏமாறவில்லை. கூட்டத்தில் கைதட்டியவர்களுக்கு அது செயற்கை என்று தெரியும். ஆகவே மோசடி என்ற சொல் பொருந்தாது.

எனக்கு உறுத்துவது வேறு. உயிரோடு இருந்த கருணாநிதி என்ன பேசுவார் என்று அவர் கட்சிக்காரர்களுக்கே தெரியாது. ஜெயலலிதா விஷயத்தில் கேட்கவே வேண்டாம். செயற்கைக் குரல் எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்கும். இன்று தலைமையில் இருப்பவரைக் கடிந்துகொள்ளாது. வாரிசுப் போட்டி உள்ள கட்சியில் இரண்டு அணியும் ஆளுக்கொரு குரலைத் தயாரித்தால் எது அதிகாரபூர்வமான ஆவி என்று யார் தீர்ப்பது? சின்னத்துக்கு நடந்த வழக்குகளைப் பார்த்த எனக்கு இது கற்பனையாகத் தோன்றவில்லை.

சட்டம் மெதுவாக வருகிறது. போலிக் காணொளி என்று தெரியவந்தால் மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சொன்னது. தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த ஏ.ஐ. கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது; இந்தியாவில் மிகவும் முன்கூட்டியே வந்த முயற்சி. அது அரசு வாங்கும் மென்பொருளைப் பற்றியது, கட்சிகளை அது தொடாது.

ஜல்லிக்கட்டுப் போராட்டம் வாட்ஸாப்பால் நடந்ததா?

2017 ஜனவரியில் மெரினாவுக்குக் கூட்டம் திரண்டதில் கைப்பேசிக்குப் பங்கு உண்டு. இரவில் செல்போன் விளக்கை உயர்த்திய படம் உலகம் சுற்றியது. ஆனால் சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, குப்பை அள்ளுவது எல்லாவற்றையும் ஆட்கள் செய்தார்கள். 23-ஆம் தேதி போலீஸ் வந்தபோது பலருக்கு அடைக்கலம் கொடுத்தது நடுக்குப்பத்து மீனவர் வீடுகள். எந்தச் செயலியும் இல்லை. அடுத்த கேள்வி.

ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று பாட்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். இதில் நீங்கள் என்ன ஆய்வு செய்தீர்கள்?

தமிழ்நாட்டில் 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தோடு கைரேகைக் கருவி வந்தது. நம் மாநிலத்தில் பொது விநியோகம் எல்லாருக்கும் பொதுவானது. வறியவர் யார் என்று பிரித்துப் பார்க்காமல் கார்டு இருந்தால் அரிசி என்ற ஏற்பாட்டின் நடுவில், உன் விரல் உன்னுடையதுதானா என்று கேட்கும் ஒரு பெட்டி நுழைந்தது. பாத்திரம் தேய்த்தே ரேகை அழிந்தவர்கள், செங்கல் தூக்கியவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்குத்தான் சிக்கல். உழைத்த விரல்தான் தோற்கிறது என்பது தற்செயல் அல்ல.

பல கடைகளுக்குப் போய் நான் கேட்டது ஒரே கேள்வி: “ரேகை விழாவிட்டால் என்ன செய்வீர்கள்?” விதியில் மாற்று வழி இருக்கும். பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம், கண் கருவிழிக் கருவி வந்த கடைகளில் அதைப் பயன்படுத்தலாம். அந்த வழி விற்பனையாளருக்குத் தெரியுமா, தெரிந்தாலும் துணிந்து செய்வாரா, பிறகு அதிகாரி விளக்கம் கேட்பாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரைத் தெரிந்த விற்பனையாளர் “போம்மா, நான் போட்டுக்கிறேன்” என்பார். புதிதாக மாற்றலாகி வந்தவர் “நெட்வொர்க் இல்ல, நாளைக்கு வா” என்பார். ஒரே கருவி, ஒரே அரசாணை, இரண்டு அரசுகள்.

ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில், நலத்திட்டங்களுக்கு அதைக் கேட்கலாம் என்று அனுமதித்தது. அடையாளம் பொருந்தாததால் உரியவருக்குப் பலன் மறுக்கப்படக் கூடாது என்றும் சொன்னது. அந்த இரண்டாம் பாதியை ரேஷன் கடைச் சுவரில் யாராவது எழுதி ஒட்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

தெருவுக்குத் தெரு கேமரா இருக்கிறதே, நல்லதுதானே?

சென்னைக் காவல்துறை “மூன்றாவது கண்” என்று பரப்பிய திட்டத்தில் கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் காசில் கேமரா போட்டார்கள். சங்கிலிப் பறிப்பு வழக்குகளில் பயன்பட்டது உண்மை. நான் மறுக்க மாட்டேன். சங்கக் கூட்டத்துக்குப் போனால் மூன்றைக் கேளுங்கள்: பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், பார்த்தவர் பெயர் எங்கே எழுதப்படும். பெரும்பாலும் செயலாளர் செக்யூரிட்டியைப் பார்ப்பார், செக்யூரிட்டி கேமராவைப் பார்ப்பார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமை உங்கள் அப்பார்ட்மெண்ட் லிஃப்ட்வரை வந்து சேரவில்லை.

கம்ப்யூட்டர், செல்போன் தவிர வேறு எதையும் தொழில்நுட்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கட்டாயம். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். மதகு ஒரு தொழில்நுட்பம். எப்போது, எவ்வளவு, யார் சொல்லித் திறப்பது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது; அதை மேலும் கீழும் நகர்த்தும் கோப்பு இருக்கிறது. சென்னையை மூழ்கடித்த வெள்ளத்துக்கு வரலாறு காணாத மழையே காரணம் என்றது அரசு. ஏரியைக் கையாண்ட விதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறை கூறியது. அடையாற்றங்கரையில் வீடு இழந்தவரிடம் போய் மதகு வெறும் பொறியியல் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தமிழ் எழுத்துருவும் அப்படித்தான். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு பொது ஒழுங்கு வந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்றது. அதே ஆண்டு இறுதியில் கிரந்த எழுத்துகளை யூனிகோடில் சேர்க்கும் முன்மொழிவு வெளியானதும் இங்கே தமிழறிஞர்கள் கொதித்தெழ, மாநில அரசு மத்திய அரசுக்கு எழுதி முடிவைத் தள்ளிவைக்கச் சொன்னது. கணினிக் குழு ஒன்றின் அட்டவணையில் சில கட்டங்களுக்காக ஒரு முதல்வர் கடிதம் எழுதும் ஊர் இது. இதை வெளிநாட்டுக் கருத்தரங்கில் சொன்னபோது சிரித்தார்கள். 1965-இல் இந்த ஊரில் மொழிக்காக என்ன நடந்தது என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

கோடிங் தெரிய வேண்டுமா?

தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் குற்றமில்லை. டெண்டர் ஆவணம் படிக்கத் தெரிய வேண்டும். எந்தத் துறை, எதை, என்ன நிபந்தனையில் வாங்கியது என்பதில் பாதி ஆய்வு அடங்கும். ஆர்.டி.ஐ. மனு எழுதத் தெரிய வேண்டும். 2005-இன் மத்தியச் சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்பே, 1997-இல், தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. “ஏன்” என்று கேட்டால் பதில் வராது. “எந்த அரசாணை, எந்தத் தேதி, நகல் தரவும்” என்று கேட்டால் வரும். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.டி.ஐ.யின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. உங்கள் தலைமுறை ஆய்வாளர்களுக்கு இது பெரிய தடை.

பழைய ஆவணங்களுக்கு எழும்பூரில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், பழைய இதழ்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பு வருவது அவரவர் அதிர்ஷ்டம்.

யாரைப் படிக்கலாம்?

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் லாங்டன் வின்னர் 1980-இல் எழுதிய கட்டுரையில் தொடங்குவது வழக்கம். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் பூங்காச் சாலைப் பாலங்களை நகரமைப்பாளர் ராபர்ட் மோசஸ் தாழ்வாகக் கட்டியதால் பேருந்தில் வரும் ஏழைகளும் கறுப்பினத்தவரும் கடற்கரைக்கு வர முடியவில்லை என்று அவர் எழுதினார். 1999-இல் பெர்ன்வர்ட் யோர்கஸ் அந்தக் கதையில் ஓட்டைகள் உண்டு என்று காட்டினார். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுபவர்கள் நிறையப் பேர். நம் ஊரில் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதியதும், விடுதலைப் போராட்டக் காலத்து நாடகம், கிராமபோன், சினிமா பற்றி தியடோர் பாஸ்கரன் எழுதியதும் இந்தத் துறைக்கு அஸ்திவாரம். அவர்கள் தங்களைத் தொழில்நுட்ப ஆய்வாளர் என்று அழைத்துக்கொண்டதில்லை.

நீங்கள் எந்தக் கட்சி, மேடம்?

வாக்குச்சீட்டு ரகசியம். இயந்திரம் வந்த பிறகும்.

என் மகள் இதைப் படிக்க வேண்டும் என்கிறாள். வேலை கிடைக்குமா?

பெற்றோர் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டாம், நியாயமான கேள்வி. 2023 விதிப்படி உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட், செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளில் ஒன்று அடிப்படைத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை, ஆனால் இல்லாமல் நேர்காணலுக்குப் போகிறவரை நான் பார்ப்பது அபூர்வம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் வரும். அது கைக்கு வரும் தேதியை நம்பி வீட்டு வாடகைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எம்.ஃபில். இப்போது இல்லை. அரசுக் கல்லூரிகளில் நிரந்தர நியமனம் எப்போதோ ஒருமுறை வருகிறது. நடுவில் கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். நான் வேலைக்கு வந்த காலத்து வழியை அவர்களுக்குக் காட்டினால் அது ஏமாற்று.

இன்னொரு பக்கமும் உண்டு. கொள்கை ஆய்வு நிறுவனங்கள், செய்தி ஊடகங்களின் தரவுப் பிரிவுகள், தன்னார்வ அமைப்புகள், தேர்தல் வியூக அலுவலகங்கள் என்று முன்பு இல்லாத இடங்களில் என் மாணவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். கடைசியில் சொன்ன இடத்துக்குப் போகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்வேன்: அங்கே உங்கள் கைக்கு வரும் வாக்காளர் பட்டியலில் செல்போன் எண் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். இரண்டாம் வாரம் கேட்கத் தோன்றாது.

மகள் விரும்பினால் படிக்கட்டும். மூன்று ஆண்டு செலவுக்கு வழி செய்துகொண்டு படிக்கட்டும்.

எனக்கு ஓர் ஆய்வுத் தலைப்புச் சொல்லுங்களேன்?

வீட்டு மின் மீட்டர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வந்து, அட்டையில் எழுதிவிட்டு, “ஏசி போட்டீங்களா?” என்று விசாரித்துவிட்டுப் போகும் ஊழியரின் இடத்தில் ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது. வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகையும், இரண்டு மாதக் கணக்கா ஒரு மாதக் கணக்கா என்ற தேர்தல் வாக்குறுதியும், தொழிற்சங்கங்களும், விவசாய இலவச இணைப்புக்கு மீட்டர் வைப்பதா என்ற பழைய சண்டையும் அந்த ஒரு பெட்டிக்குள் வருகின்றன. மயிலாப்பூரில் ஒரு தெரு, வியாசர்பாடியில் ஒரு தெரு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரிவு அலுவலகத்துக்குப் போய், ரீடிங் எடுப்பவரோடு ஒரு நாள் கூடவே நடக்க அனுமதி கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி வையுங்கள், முதல் அத்தியாயத்துக்கு ஆகும்.